கைதேர்ந்தவரும் கரை சேரவில்லை



“சீட்டாட்டம் என்றாலே சூது என்று ஒதுக்கிவிடுகிறீர்கள். போக்கர் என்பது மூளையின் ஆட்டம். மேலை நாடுகளில் இருபது வயது இளைஞர்கள் அதனையே தொழிலாகக் கொண்டு கோடி கோடியாகப் பொருள் ஈட்டுகின்றனர். உழைப்பும் திறமையும் கொண்டு ஈட்டும் பொருள் எவ்வாறு தவறாகும்?”

கல்லூரியிற் பயிலும் நம் பிள்ளைகளிற் சிலர் இன்று இவ்வாறு கேட்கின்றனர். கேட்பவரைக் கடிந்து வாயடைத்துவிட்டால் வினா அடங்கிவிடாது. அது மனத்துக்குள் சென்று வேர் பிடிக்கும். வினா நேர்மையாகக் கேட்கப்பட்டிருக்குமாயின் விடையும் நேர்மையாகவே சொல்லப்பட வேண்டும். ஆகவே, தோற்றுப்போன ஒருவரின் கதையை எடுத்து அச்சுறுத்தாமல், அந்த ஆட்டத்தில் எவராலும் வெல்ல முடியாதவர் என்று புகழப்பட்ட ஒருவரின் வாழ்க்கையை இம்மாதம் உங்கள் முன் வைக்கிறேன். திறமைதான் கேள்வி என்றால், திறமையின் உச்சியில் நின்றவரிடமே விடையைத் தேடுவோம்.

தந்தை அறிந்திருந்த உண்மை

அவர் பெயர் ஸ்டூ அங்கர். 1953ஆம் ஆண்டு செப்டம்பர் 8ஆம் நாள் அமெரிக்காவில் பிறந்து, நியூயார்க் மாநகரின் லோயர் ஈஸ்ட் சைட் பகுதியில் வளர்ந்தார். அவருடைய தந்தை மதுக்கடை நடத்தியவர். பந்தயப் பணம் வாங்கிச் சூதாட்டம் நடத்துவதும் அவருடைய தொழில். அந்தக் கடைக்கு நாள்தோறும் வந்து, கூலியையும் சம்பளத்தையும் தொலைத்துவிட்டுத் தலை கவிழ்ந்து செல்வோரை அவர் கண்ணாரக் கண்டவர். ஆகவே தம் மகன் சூதாட்டத்தின் பக்கம் போய்விடக் கூடாது என்று தடுத்துப் பார்த்தார் என அவருடைய வாழ்க்கையை எழுதியோர் கூறுகின்றனர்.

சற்றே சிந்தியுங்கள். ஊரார் பிள்ளைகளை அழைத்து ஆட வைத்தவர், தம் பிள்ளை மட்டும் ஆடக்கூடாது என்று விரும்பினார். அத்தொழிலின் உள்ளும் புறமும் அறிந்த ஒருவர் அளித்த சான்றாக இதனைக் கொள்ளலாம். ஆயினும் வாயால் தடுத்த தந்தை, கண்ணெதிரே காட்டியது என்னவோ சூதைத்தான். பிள்ளைகள் நம் சொல்லைக் காட்டிலும் நம் நடையையே பார்த்துக் கற்கின்றனர் அன்றோ?

சிறுவன் பத்து வயதிலேயே ஜின் ரம்மி என்னும் சீட்டாட்டப் போட்டியில் வென்றான். 1967ஆம் ஆண்டு தந்தை மாரடைப்பால் இறந்தார். அப்போது மகனுக்கு வயது 13. தாயோ பக்கவாதத்தால் செயலிழந்து போனார். கண்டிப்பாரும் அரவணைப்பாரும் இல்லாத அந்தப் பிள்ளை பள்ளிப் படிப்பை நடுவிலேயே விட்டான். நியூயார்க்கின் சூதாட்டக் கூடங்களே அவனுக்குப் பள்ளியாயின. 18 வயதில் குற்றக் கும்பலைச் சார்ந்தவர் எனப் பெயர் பெற்ற ஒருவர் அவனுக்குப் புரவலரானார். ஒரு பிள்ளையின் வீட்டில் இடம் காலியானால், அவ்விடத்தை நிரப்புவதற்குத் தெருவில் எவரேனும் காத்திருப்பர் என்பதற்கு வேறு சான்றும் வேண்டுமோ?

அமானிதமாய் வந்த நினைவாற்றல்

அங்கருக்கு இறைவன் அளித்திருந்த நினைவாற்றல் வியப்புக்குரியது. ஆட்டத்தில் விழுந்த சீட்டுகள் யாவை, எதிரியின் கையில் எஞ்சியிருப்பவை யாவை என்பதைச் சில சுற்றுகளிலேயே கணித்துவிடுவார். சூதாட்ட விடுதி உரிமையாளரான பாப் ஸ்டூபக் என்பவர், பல சீட்டுக்கட்டுகளை ஒன்றாகக் கலந்து வைத்து, அவற்றை நினைவிற்கொண்டு கணக்கிட முடியுமா என்று 1977ஆம் ஆண்டு 1 லட்சம் டாலர் பந்தயம் கட்டினார். அங்கர் கணக்கிட்டுச் சொல்லி வென்றார். இந்த ஆற்றலைக் கண்டு அஞ்சிய விடுதிகள், பிளாக்ஜாக் என்னும் ஆட்டத்தில் அவர் அமர்வதற்கே தடை விதித்தன.

நம் மத்ரஸாக்களில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் திருக்குர்ஆன் முழுவதையும் நெஞ்சில் ஏந்தி ஹாபிழாக வெளிவருவதை நாம் காண்கிறோம். எழுத்துக்கு எழுத்து, நீட்டலுக்கு நீட்டல் பிசகாமல் ஓதும் அந்தப் பிள்ளைகளை நினைக்கும்போதெல்லாம், நினைவாற்றல் என்பது எத்துணைப் பெரிய அமானிதம் என்ற எண்ணம் மேலிடுகிறது. அதே அமானிதம்தான் நியூயார்க்கின் அந்தப் பிள்ளையிடமும் ஒப்படைக்கப்பட்டிருந்தது. அந்த மூளை கணிதம் பயின்றிருக்கலாம், மருத்துவம் பயின்றிருக்கலாம். அதனை வழிப்படுத்த ஒருவரும் இல்லை.

திறமை வளர்ந்தது, தொழில் தேய்ந்தது

இனி வருவது, இவ்வாழ்க்கையிற் கூர்ந்து நோக்க வேண்டிய ஓர் இடம்.

ஜின் ரம்மியில் அங்கருக்கு நிகர் எவரும் இல்லை என்ற நிலை வந்தது. பெயர் பெற்ற ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து தோற்றனர். அதன் விளைவு என்ன? அவரோடு ஆட எவரும் முன்வரவில்லை! எதிரிக்குச் சலுகைகள் கொடுத்து அழைத்துப் பார்த்தார். அப்போதும் ஆள் கிடைப்பது அரிதாயிற்று. எந்த ஆட்டத்தில் அவர் உலகிலேயே தலைசிறந்தவராக இருந்தாரோ, அந்த ஆட்டத்தில் அவருக்குப் பிழைப்பு இல்லாமற் போயிற்று. 1970களின் பிற்பகுதியில் நெவாடா மாநிலத்தின் லாஸ் வேகாஸ் நகரில் குடியேறிய அவர், போக்கர் ஆட்டத்தின் பக்கம் திரும்பியது இதனாற்றான்.

நல்ல தையற்காரரிடம் ஊர் திரண்டு வருகிறது. கைராசியுள்ள மருத்துவரின் வாயிலில் விடியுமுன் வரிசை நிற்கிறது. நேர்மையான நகைத்தொழிலாளிக்கு மூன்று தலைமுறை வாடிக்கை உண்டு. ஹலாலான தொழில்களில் திறமை கூடக்கூட நாடி வருவோர் பெருகுவர். ஏனெனில் அத்திறமையால் வருவோருக்கும் பயன் உண்டு. சூதாட்டத்தில் மட்டும் திறமை கூடக்கூட மக்கள் விலகி ஓடுகின்றனர். ஏனெனில் அத்திறமை அவர்களுடைய பணப்பையைக் காலி செய்யும் திறமை. ஒரு தொழில் நல்லதா, கெட்டதா என்பதை அறிய இதைவிட எளிய உரைகல் உண்டோ? “நான் இத்தொழிலில் சிறந்து விளங்கினால் என்னை நாடி வருவோர் நலம் பெறுவரா?” என்று உங்கள் மகன் தன்னைத்தானே கேட்டுப் பார்க்கட்டும்.

இளைஞரின் வெற்றி

1970 முதல் லாஸ் வேகாஸில் போக்கர் உலகத் தொடர் என்ற போட்டி நடத்தப்பட்டு வருகிறது. அதன் முதன்மைப் போட்டியில் அமர 10,000 டாலர் கட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டு 73 பேர் கலந்துகொண்டனர். அங்கருக்கு அப்போது வயது 26. சிறுத்த உடலும் சிறுவனைப் போன்ற முகமும் கொண்டிருந்தமையால் ‘பொடியன்’ என்ற பொருளில் ‘தி கிட்’ என்றே அவரை அழைத்தனர். முன்னரே இருமுறை வாகை சூடியிருந்த டாயில் பிரன்சன் என்னும் மூத்த ஆட்டக்காரரை இறுதியில் வீழ்த்தி, 3,65,000 டாலர் பரிசு பெற்றார் அந்த இளைஞர். அதுவரை அப்போட்டியில் வென்றோருள் அவரே வயதிற் குறைந்தவர். மறு ஆண்டும் அவரே வென்று 3,75,000 டாலர் பெற்றார்.

‘பார்த்தீர்களா, திறமை வென்றது!’ என்று நம் இளைஞர் சொல்லக்கூடும். அந்த 1980ஆம் ஆண்டின் கடைசி ஆட்டத்தைச் சற்றே அருகில் சென்று பார்ப்போம்.

இவ்வகை ஆட்டத்தில் ஒவ்வொருவர் கையிலும் இரண்டு சீட்டுகள் இருக்கும். எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டுகள் மேசையில் விரிக்கப்படும். முதலில் மூன்று, பின்னர் ஒன்று, கடைசியில் ஒன்று. இவற்றுள் சிறந்த ஐந்தைக் கொண்டு எவர் கை உயர்ந்தது என்று முடிவு செய்வர். அன்று பிரன்சன் கையில் ஏசும் ஏழும். அங்கர் கையில் ஐந்தும் நான்கும். மேசையில் முதலில் விழுந்தவை ஏஸ், ஏழு, இரண்டு. பிரன்சனுக்கு இரண்டு ஜோடிகள் அமைந்துவிட்டன. அங்கருக்கோ ஒரு ஜோடியும் இல்லை. ஒரு மூன்று விழுந்தால் மட்டுமே ஏஸ், இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என வரிசை சேரும். எஞ்சிய 45 சீட்டுகளில் மூன்றுகள் 4 மட்டுமே. அடுத்து விழுந்த சீட்டு மூன்று! ஆட்டம் முடிந்தது.

துணிவும் கணிப்பும் அங்கரிடம் இருந்தன என்பதை எவரும் மறுக்க இயலாது. ஆனால் அந்த மூன்றை வரவழைத்தது அவருடைய திறமையா? சீட்டுக்கட்டின் நடுவில் அது எங்கே இருந்தது என்பது அவருக்கும் தெரியாது, பிரன்சனுக்கும் தெரியாது. ஓராயிரம் ஆட்டங்களின் கணக்கில் திறமை தலைகாட்டும் என்பது மெய்யே. ஒரே ஓர் ஆட்டத்தில், குடும்பத்தின் பணம் முழுவதும் மேசையில் இருக்கும்போது, ஒரு சீட்டு போதும் அதனை வாரிக்கொண்டு போவதற்கு.

அந்தப் பணம் யாருடையது?

இன்னொன்றையும் எண்ணிப் பாருங்கள். 73 பேர் ஆளுக்கு 10,000 டாலர் கட்டினர். மொத்தம் 7,30,000 டாலர். அதிற் சரிபாதிதான் அங்கருக்குச் சென்ற பரிசு. அந்த மேசையில் ஒரு மணி நெல் விளையவில்லை. ஒரு முழத் துணி நெய்யப்படவில்லை. ஒரு நோயாளி குணமாகவில்லை. ஒருவர் கையிலிருந்த பணம் இன்னொருவர் கைக்கு மாறிற்று, அவ்வளவே. வணிகத்தில் விற்பவரும் மகிழ்ந்து பிரிகிறார்; வாங்குபவரும் மகிழ்ந்து பிரிகிறார். இங்கோ ஒருவர் மகிழ வேண்டுமாயின் மற்றவர் அழுதாக வேண்டும்.

2003ஆம் ஆண்டு கிறிஸ் மணிமேக்கர் என்ற 27 வயதுக் கணக்காளர், இணையத்தில் சிறு தொகை கட்டித் தகுதி பெற்று, அதே போட்டியில் 25 லட்சம் டாலர் வென்றார். அச்செய்தி உலகெங்கும் பரவிற்று. அவ்வாண்டு 839 பேர் கலந்துகொண்ட போட்டியில், மறு ஆண்டு 2,576 பேர் வந்து குவிந்தனர். 2024ஆம் ஆண்டிலோ 10,112 பேர். வென்றவருக்கு 1 கோடி டாலர் என்பது தலைப்புச் செய்தியாயிற்று. நூற்றுக்கு 15 பேர் அளவிற்றான் ஏதேனும் பரிசு பெற்றனர். எஞ்சிய 85 பேர் கட்டிய பணத்தை இழந்து வெறுங்கையோடு திரும்பினர் என்பது எத்தனை பேர் கண்ணிற் பட்டது? கட்டிய பணத்திலிருந்து நடத்துவோர் தம் பங்கை முதலிலேயே எடுத்துக்கொள்கின்றனர் என்பதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். ஆடுபவர் எவர் தோற்றாலும், இடம் கொடுத்தவர் தோற்பதில்லை.

வென்றதாக அறிவிக்கப்படும் தொகையும் வென்றவருக்கே உரியதன்று. 2009ஆம் ஆண்டு 21 வயதில் வாகை சூடிய ஜோ கேடா என்னும் இளைஞர் 85 லட்சம் டாலர் வென்றார். அவருக்குப் பின்னால் நின்று பணம் கட்டியவர்களுக்கு அதிற் பாதி சென்றது. தொழில்முறை ஆட்டக்காரர் பலர் பிறர் முதலில் ஆடுவோரே. படத்தில் தெரிவது புன்னகையும் பணக்கட்டும். படத்துக்கு வெளியே நிற்பது கடன்.

மேசையில் வென்றது மைதானத்தில் போயிற்று

அங்கரின் வாழ்க்கைக்கு மீள்வோம். அவர் தம் வாழ்நாளில் ஈட்டியது 3 கோடி டாலர் இருக்கும் என மதிப்பிடுவோர் உளர். அது எங்கே சென்றது? சீட்டில் வென்றதைக் குதிரைப் பந்தயத்தில் தோற்றார்; விளையாட்டுப் போட்டிகளின்மீது பணம் கட்டித் தோற்றார். சீட்டை எண்ணத் தெரிந்த மூளைக்குக் குதிரையின் காலை எண்ணத் தெரியவில்லை. ஆயினும் நிறுத்த இயலவில்லை. ஏன்?

சூதில் மனிதரை ஈர்ப்பது பணம் மட்டுமன்று. அடுத்து என்ன விழும் என்ற அந்தப் பதைப்பு. அதற்குப் பழகிய நெஞ்சு, அமைதியை வெறுமை என்று கருதத் தொடங்கிவிடும். வென்றவர் அந்தப் பதைப்புக்காகவே மீண்டும் அமர்கிறார்; தோற்றவர் இழந்ததை மீட்கவென்று மீண்டும் அமர்கிறார். எழுவதற்கு மட்டும் எவருக்கும் காரணம் கிடைப்பதில்லை. அதனாற்றான் வள்ளுவரும் தம் நூலில் ‘சூது’ என்று ஓர் அதிகாரமே ஒதுக்கி, 94ஆம் அதிகாரமாக, கள்ளுண்ணாமைக்குச் சற்றே பின்னர் வைத்தார் போலும்.

திருக்குர்ஆனும் மதுவையும் சூதையும் ஒரே மூச்சிற் பேசுகிறது என்பதை நாம் அறிவோம். அங்கரின் வாழ்விலும் அவ்விரண்டும் பிரியவில்லை. மதுவின் இடத்தில் கொகேய்ன் என்னும் போதைப்பொருள் வந்தது. இரவு பகலாக விழித்து ஆடுவதற்கென்று தொட்டது, பின்னர் ஆளையே விழுங்கிற்று. மணவாழ்க்கை முறிந்தது. 1990ஆம் ஆண்டு அதே உலகப் போட்டி நடந்துகொண்டிருக்கையில், மூன்றாம் நாள் அவர் இருக்கைக்கு வரவில்லை. போதையின் மிகுதியால் விடுதி அறையின் தரையில் நினைவிழந்து கிடந்தார். முன்னரே அவர் வென்று குவித்திருந்த வில்லைகள் ஏராளம். ஆள் இல்லாத அந்த இருக்கையின் முன்னிருந்து, சுற்றுக்குச் சுற்று விதிப்படி கழிக்கப்பட்டும் அவை தீராமல், ஒன்பதாம் இடம் வரை அவருக்குப் பெற்றுத் தந்தன! ஆளில்லாமலே ஆட்டம் நடந்தது. ஆளோ, தரையிற் கிடந்தார்.

மூன்றாம் வெற்றியும் முடிவும்

1997ஆம் ஆண்டு அவரிடம் நுழைவுப் பணமும் இல்லை. பில்லி பாக்ஸ்டர் என்ற மற்றோர் ஆட்டக்காரர் 10,000 டாலர் கட்டி அமர வைத்தார். போதைப்பொருளால் சிதைந்த மூக்கை மறைக்க நீலநிற வட்டக் கண்ணாடி அணிந்து ஆடினார். 312 பேர் கலந்துகொண்ட போட்டியில் வென்று 10 லட்சம் டாலர் பரிசு பெற்றார். பதினாறு ஆண்டுகளுக்குப் பின் மூன்றாம் வாகை. அப்போதும் கடைசிச் சீட்டு விழும் வரை எதிரியின் கையே உயர்ந்திருந்தது. கடைசியில் விழுந்த ஓர் இரண்டுதான் அவரை வெல்ல வைத்தது. தம் மகளின் படத்தை உடன் வைத்திருந்து, அவ்வெற்றியை அவளுக்கே உரியதாக்கினார். செய்தியாளர்கள் ‘மீண்டு வந்த பொடியன்’ என்று எழுதினர்.

பரிசிற் பாதி பாக்ஸ்டருக்குச் சென்றது. மறுபாதி ஐந்து லட்சம் டாலர். ஒரு குடும்பம் பல்லாண்டு நிம்மதியாக வாழப் போதுமான அத்தொகை, சில மாதங்களுக்குள் போதையிலும் பந்தயத்திலும் கரைந்து போயிற்று. மறு ஆண்டு பாக்ஸ்டர் மீண்டும் அவருக்காகப் பணம் கட்டினார். முந்தைய ஆண்டின் வெற்றியாளரைக் காண அரங்கமே காத்திருந்தது. ஆட்டம் தொடங்கச் சற்று முன்னர், தம்மால் ஆட இயலாது என்று சொல்லி அறையிலேயே தங்கிவிட்டார் அங்கர்.

1998ஆம் ஆண்டு நவம்பர் 22ஆம் நாள், லாஸ் வேகாஸில் ஒரு மலிவான விடுதி அறையின் தரையில் அவர் இறந்து கிடந்தார். வயது 45. பல்லாண்டுப் போதைப் பழக்கத்தால் பழுதுற்ற இதயம் நின்றுவிட்டது என்று மருத்துவ ஆய்வு கூறிற்று. அவரிடம் இருந்தது சுமார் 800 டாலர். வீடு இல்லை, சொத்து இல்லை, சேமிப்பு இல்லை. முன்பு அவரிடம் பந்தயம் கட்டித் தோற்ற அதே பாப் ஸ்டூபக், கூடியிருந்தோரிடம் பணம் திரட்டி அடக்கச் செலவுக்கு வழி செய்தார். 3 கோடி டாலரைத் தொட்ட கைகளுக்கு, அடக்கம் செய்யும் செலவும் பிறர் கொடுத்தது. 2001ஆம் ஆண்டு போக்கர் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் பொறிக்கப்பட்டது. அந்தப் பெருமையால் அவருடைய மகளுக்குத் தந்தை திரும்பக் கிடைத்தாரா?

இன்னா லில்லாஹ்! ஒரு மனிதரின் வீழ்ச்சியைக் கண்டு எள்ளி நகைப்பது நம் பண்பன்று. இறைவன் கொடுத்த அருங்கொடை ஒன்று வீணாயிற்றே என்று நெஞ்சம் நோகவே செய்கிறது.

‘எல்லோரும் இப்படி ஆவதில்லையே!’

இவ்வளவும் கேட்ட பின் ஓர் இளைஞர் சொல்லக்கூடும்: “இவர் போதையால் அழிந்தார். போக்கர் ஆடும் எல்லோரும் அழிவதில்லையே!” உண்மை. 1980ஆம் ஆண்டு அங்கரிடம் தோற்ற டாயில் பிரன்சன் 89 வயது வரை வாழ்ந்து, 2023ஆம் ஆண்டில்தான் மறைந்தார். பணத்தைக் காத்து, நிதானத்துடன் வாழும் ஆட்டக்காரர்களும் உளர். இதனை மறைத்துவிட்டு வாதாடுவது நேர்மையாகாது.

அருள்மறையும் இதனை மறைக்கவில்லை. இரண்டாம் அத்தியாயத்தின் 219ஆம் வசனம், மதுவிலும் சூதிலும் மனிதருக்குச் சில பயன்கள் உண்டு என்பதை ஒப்புக்கொண்டே, அவற்றின் கேடு பயனைவிடப் பெரிது என்று தீர்ப்பளிக்கிறது. அன்றைய அரபியர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, அம்புகளைக் குலுக்கி எடுத்துச் சூதாடுவர். வென்றோர் இறைச்சியை ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகக் கொண்டனர். தோற்றோர் ஒட்டகத்தின் விலையைக் கொடுத்தனர். ஏழைக்கு உணவு கிடைத்த அந்தச் சூதும் விலக்கப்பட்டது! ஐந்தாம் அத்தியாயத்தின் 90, 91ஆம் வசனங்கள் அதற்குக் காரணமும் கூறுகின்றன: மனிதரிடையே பகையும் வெறுப்பும் மூள்வது, இறை நினைவும் தொழுகையும் மறக்கப்படுவது. ஆடுபவர் வென்றாரா, தோற்றாரா என்பதைப் பொறுத்து இத்தீர்ப்பு மாறுவதில்லை.

திறமை என்ற வாதத்தையும் நம் சட்ட மேதைகள் எண்ணாமல் விடவில்லை. இரு தரப்பினரும் பணம் வைத்து, வென்றவர் தோற்றவரின் பணத்தை எடுத்துக்கொள்வதைக் ‘கிமார்’ என்று வகுத்தனர். அதில் திறமை எவ்வளவு, அதிர்ஷ்டம் எவ்வளவு என்று தராசில் இட்டு நிறுக்கவில்லை. நண்பரை நோக்கிச் ‘சூதாட வா’ என்று வாயால் அழைத்தவரே தர்மம் செய்ய வேண்டும் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்துள்ளார்கள். ஆடியவருக்கு அன்று, அழைத்தவருக்கே இக்கட்டளை என்றால், இன்று கைபேசியின் திரையில் நாள்தோறும் வந்து அழைக்கும் விளம்பரங்களைப் பற்றி என்ன சொல்வது!

நம் வீட்டு வாயிலில்

லாஸ் வேகாஸ் நம் ஊருக்குப் பல்லாயிரம் மைல் தொலைவு. ஆனால் அங்கர் ஆடிய ரம்மியும் போக்கரும் கைபேசி வழியே நம் திண்ணைக்கு வந்துவிட்டன. அவற்றைத் தடுக்கத் தமிழக அரசு சட்டம் இயற்றியது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம், அவ்விரண்டும் திறமை ஆட்டங்கள் என்று கூறி, அவற்றின் மீதான தடையை மட்டும் நீக்கிற்று. பின்னர் 2025 ஆகஸ்டில் இந்திய நாடாளுமன்றம், திறமையா அதிர்ஷ்டமா என்ற பாகுபாடின்றி, பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகள் அனைத்தையும் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றிற்று. சட்டம் வாயிற்கதவு போன்றது. உள்ளே இருந்து திறப்பவரை அது என்ன செய்யும்? இறையச்சமும் பெற்றோரின் விழிப்புமே உட்தாழ்ப்பாள்.

பெற்றோர்களே! உங்கள் பிள்ளை கணக்கில் விரைவாக இருக்கிறானா? நினைவாற்றல் மிக்கவனா? அந்த அமானிதத்துக்கு நல்லதொரு வேலை கொடுங்கள். கணிதமும் கணினியும் கணக்கியலும் அத்தகைய மூளைகளுக்காகவே காத்திருக்கின்றன. அவனுடைய திறமையை முதலில் பாராட்டுபவர் நீங்களாக இருங்கள். இல்லையேல் தெருவில் ஒருவர் பாராட்டிவிடுவார்.

அவன் முன்னரே சிக்கியிருந்தால், கடன்பட்டு அதனை மறைத்துத் திரிந்தால், கதவைச் சாத்தாதீர்கள். உண்மையைச் சொன்ன பிள்ளையை அடித்துவிட்டால், அடுத்த முறை அவன் பொய்தான் சொல்வான். அமர்ந்து கேளுங்கள்; கடன் கணக்கைக் காகிதத்தில் எழுதச் செய்யுங்கள்; தீர்க்கும் வழியை அவனோடு சேர்ந்து தேடுங்கள். பணத்தை அப்படியே அவன் கையிற் கொடுத்துவிடாமல், உரியவரிடம் நேரே சேர்ப்பியுங்கள். ‘இழந்ததை ஒரே ஆட்டத்தில் மீட்டுவிடுகிறேன்’ என்று அவன் சொன்னால், 1997இல் எல்லாவற்றையும் மீட்டவரின் கதையை அவனுக்கு எடுத்துச் சொல்லுங்கள்.

இளவல்களே! நபி தாவூத் (அலை) அவர்கள் அரசராயிருந்தும் தம் கையால் உழைத்து உண்டார்கள் என்று நாம் படித்திருக்கிறோம். வியர்வை உலர்ந்த கையோடு வீட்டுக்குக் கொண்டுவரும் நூறு ரூபாயில், எவருடைய கண்ணீரும் கலந்திருக்காது. அதனைத் தாயிடம் கொடுக்கும்போது அவர் கேட்கும் ‘எப்படி வந்தது?’ என்ற கேள்விக்கு, தலை நிமிர்ந்து விடை சொல்லலாம்.

வல்ல ரஹ்மான் நம் பிள்ளைகளின் அறிவையும் ஆற்றலையும் நல்வழியில் ஆக்கி வைப்பானாக! ஹலாலான ரிஜ்கைக் கொண்டு நம் இல்லங்களைப் போதுமாக்குவானாக! சிக்கித் தவிப்போருக்கு மீளும் வழியைத் திறந்தருள்வானாக! ஆமீன்.